அமெரிக்க உள்நாட்டுப் போர் எதற்காக நடந்தது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: "ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்று லிங்கனே எழுதியிருக்கிறார். அப்படியானால் அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமைமுறையை ஒழிக்க நடந்தது என்று பள்ளியில் படித்தது பொய்தானா? தெற்கு மாநிலங்கள் மாநில உரிமைக்காகத்தான் போராடினவா?" கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தெற்கு ஏன் பிரிந்து போனது என்பது ஒன்று. வடக்கு ஏன் ஆயுதம் எடுத்தது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை வேறு வேறு. இதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் இந்த விஷயத்தில் ஆளுக்கொரு பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. முதுகலை வரலாறு மாணவர்களுக்கு அமெரிக்க வரலாற்றுத் தாளை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கிறேன். அமெரிக்க ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து ஆராய்ந்தவன் அல்ல. அச்சில் வந்த சாசனங்கள், கடிதங்கள், உரைகள், அவற்றைப் பற்றிய ஆய்வுகள் ஆகியவற்றைப் படித்துப் பாடம் நடத்தியவன். எது உறுதி, எதில் அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை என்பதை அந்த அளவில் பிரித்துச் சொல்ல முடியும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். தெற்கு ஏன் பிரிந்தது? இதில் சந்தேகத்துக்கே இடமில்லை: அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். நான் ஊகித்துச் சொல்லவில்லை, பிரிந்து போனவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1860 நவம்பரில் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்வானார். அடிமைமுறை இருக்கும் இடங்களில் அதில் கை வைக்க மாட்டோம், மேற்கே புதிதாக உருவாகும் பகுதிகளுக்கு அது பரவ விடமாட்டோம் என்பதுதான் அவருடைய குடியரசுக் கட்சியின் நிலைப்பாடு. அவ்வளவுதான். அதற்கே தென் கரோலினா டிசம்பர் 20 அன்று ஒன்றியத்தை, அதாவது அமெரிக்க மாநிலங்களின் கூட்டை, விட்டு விலகியது. 1861 மார்ச் 4 அன்று லிங்கன் பதவியேற்பதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. போனவர்களில் சிலர் ஏன் போகிறோம் என்று காரணம் சொல்லி அறிக்கையும் வெளியிட்டார்கள். மிசிசிப்பியின் அறிக்கை இரண்டாவது வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறது: எங்கள் நிலை அடிமைமுறை என்னும் அமைப்போடு முழுமையாக ஒன்றிப்போனது, அதுவே உலகின் மிகப்பெரிய பொருளாதார நலன் என்கிறது.

தென் கரோலினாவின் அறிக்கைதான் என் வகுப்பில் நான் அதிகம் பயன்படுத்தியது. யார் எழுதியது என்று சொல்லாமல் அதன் பகுதிகளைத் தமிழில் எழுதி மாணவர்களிடம் கொடுப்பேன். அதில் உள்ள புகார்கள் என்ன தெரியுமா? தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வட மாநிலங்கள் ஒத்துழைக்கவில்லை. அதைத் தடுக்கத் தங்கள் சட்டமன்றங்களில் சட்டமும் இயற்றுகின்றன. அடிமைமுறையை எதிர்க்கும் சங்கங்களை அனுமதிக்கின்றன. நியூயார்க்கில் அடிமையோடு வழிப்பயணம் போகும் உரிமையைக்கூட அங்குள்ள நீதிமன்றங்கள் மறுத்துவிட்டன. இதைப் படித்துவிட்டு ஒருமுறை கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சார், இவங்க தங்களுக்கு மாநில உரிமை வேணும்னு கேக்கல. பக்கத்து மாநிலத்துக்கு அந்த உரிமை இருக்கக் கூடாதுன்னுதானே கேக்கறாங்க?" என்றாள். இத்தனை ஆண்டுகளில் நான் அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

அவள் சொன்னது சட்டப்படியும் சரி. 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் மத்திய அரசின் கையை வட மாநிலங்களின் ஊருக்குள், வீட்டு வாசல் வரை நீட்டிய சட்டம். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது, தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்லவும் முடியாது. விசாரிக்கும் ஆணையருக்கு, பிடிபட்டவர் அடிமைதான் என்று தீர்ப்பளித்தால் 10 டாலர். இல்லை என்று விட்டுவிட்டால் 5 டாலர். விஸ்கான்சின் மாநில நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது என்று நின்றது. அப்போது மத்திய அதிகாரத்தின் பக்கம் நின்றது தெற்கு; மாநில உரிமை பேசியது வடக்கு. அப்புறம் பிரிந்து போனவர்கள் தங்களுக்கென்று ஓர் அரசியல் சாசனம் எழுதிக்கொண்டார்களே, அதையும் பாருங்கள். அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் புதிய கூட்டமைப்பின் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அந்தக் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல, அடிமைநிலையே அவருக்கு இயல்பானது என்னும் உண்மையே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? பணத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் சுமார் 39.5 லட்சம் பேர் அடிமைகள். தென் கரோலினா, மிசிசிப்பி இரண்டிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள்தான். அந்த மனிதர்களுக்குச் சந்தையில் போட்டிருந்த மொத்த விலை 300 கோடி டாலருக்கு மேல் என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். நாட்டின் ரயில் பாதைகள், தொழிற்சாலைகள் இரண்டிலும் போட்ட முதலீட்டைக் கூட்டினாலும் அந்தத் தொகை வராது. அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்தி. அந்தப் பருத்தியை விதைத்து, களையெடுத்து, பறித்து, பொதி கட்டியவர்கள் அவர்கள்தான். ஒரு பருத்தித் தோட்ட முதலாளி வங்கியில் கடன் வாங்கினால் நிலத்தைப் போலவே ஆட்களையும் ஈடாக வைப்பான். கடன் அடையாவிட்டால் தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் ஏலம் போவார்கள். இந்த ஏற்பாட்டுக்கு எதிரான ஒருவர் ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்வதையே அந்த ஆண்டைகளால் பொறுக்க முடியவில்லை.

"இறக்குமதி வரிதான் உண்மையான காரணம்" என்றும் சிலர் சொல்வார்கள். தேதியைப் பார்த்தால் அது நிற்காது. 1857இலிருந்து அமலில் இருந்த வரி குறைவான வரி. அதை உயர்த்திய சட்டம் நிறைவேறியது 1861 மார்ச்சில். அதுவும் பிரிந்த மாநிலங்களின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் செனட்டிலிருந்து எழுந்து போன பிறகு. போனதால் வந்த சட்டம், போனதற்குக் காரணம் ஆக முடியாது.

சரி, அடிமையே வைத்திராத ஏழை வெள்ளைக்காரன் ஏன் தெற்குக்காகச் சாகப் போனான்? பிரிந்துபோன மாநிலங்களில் அடிமை வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த இடத்தில் நிச்சயமாக ஒன்றைச் சொல்லி முடித்துவிட முடியாது. சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சொந்த மண், குடும்பம், மானம், படையெடுத்து வருகிறவனை விரட்டுவது எல்லாம் வருகின்றன. கட்டாய ஆள்சேர்ப்பும் இருந்தது. அடிமைகள் விடுதலையானால் தனக்கு மேலே இருக்கும் பணக்காரனோடு அல்ல, தனக்குக் கீழே வைக்கப்பட்டவனோடு சமமாகிவிடுவோம் என்ற பயமும் இருந்தது. மேலே ஏற முடியாதவனுக்குக் கீழே ஒருவன் இருப்பதே ஆறுதல் என்பதை நம் ஊரில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1862இல் இருபதோ அதற்கு மேலோ அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு என்று சட்டம் வந்தபோது, "பணக்காரன் போர், ஏழையின் சண்டை" என்று தெற்கிலேயே கசந்து பேசினார்கள். ஆக, ஒரு சிப்பாய் ஏன் துப்பாக்கி தூக்கினான் என்பதும் அவனை அனுப்பிய அரசு ஏன் உருவானது என்பதும் வேறு. முன்னது ஆளுக்கு ஆள் மாறும். பின்னது எழுத்தில் இருக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்வி. வடக்கு ஏன் போரிட்டது? ஆரம்பத்தில் நிச்சயமாக ஒன்றியத்தைக் காக்கத்தான். உங்கள் சந்தேகத்தின் இந்தப் பாதி சரியானது. 1861 ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டை மீது தென்னவர்கள் பீரங்கியால் சுட்டார்கள். மூன்று நாளில் லிங்கன் 75,000 தன்னார்வப் படையினரைக் கேட்டார். அதைப் பார்த்து வர்ஜீனியா உள்ளிட்ட இன்னும் நான்கு மாநிலங்கள் பிரிந்தன. ஆக மொத்தம் 11. ஆனால் அடிமைமுறை இருந்தும் பிரியாமல் நின்ற மாநிலங்களும் நான்கு உண்டு: டெலவர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி. இவையும் கை நழுவினால் தலைநகரமே எதிரி நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஜூலை மாதம் நாடாளுமன்றம் இந்தப் போர் ஒன்றியத்தைக் காக்க மட்டுமே, மாநிலங்களின் அமைப்புகளில் தலையிட அல்ல என்று தீர்மானமே போட்டது. "அமைப்புகள்" என்பது இடக்கரடக்கல். சொல்ல வந்தது அடிமைமுறையைத்தான்.

அப்படியானால் ஒன்றியத்துக்கான போர் விடுதலைக்கான போராக எப்படி மாறியது? இதற்கு நேரே வெள்ளை மாளிகைக்குப் போகிறவர்கள் நடுவில் ஒரு படகை விட்டுவிடுகிறார்கள். 1861 மே 23 இரவு. அன்றைக்குப் பகலில்தான் பிரிவினையை உறுதி செய்ய வர்ஜீனியாவில் வாக்கெடுப்பு நடந்திருந்தது. தென்னவர்களுக்காகப் பீரங்கி மேடை கட்டும் வேலைக்கு அனுப்பப்பட்ட மூன்று அடிமைகள், ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட், ஒரு சிறு படகில் ஏறி இருட்டில் கழிமுகத்தைக் கடந்து ஒன்றியத்தின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்குத் துடுப்பு வலித்தார்கள். குடும்பத்தை விட்டு இன்னும் தெற்கே, வட கரோலினாவுக்கு, தங்களை அனுப்பப் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே போனால் என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்லியிருக்கவில்லை. சட்டப்படி அவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் ராணுவத்தின் கடமை.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிமைமுறை எதிர்ப்பாளரே அல்ல. முந்தைய ஆண்டு தன் கட்சி மாநாட்டில் ஜெஃபர்சன் டேவிஸை, அதாவது பின்னாளில் தென் கூட்டமைப்பின் ஜனாதிபதியானவரை, வேட்பாளராக்கத் திரும்பத் திரும்ப வாக்களித்தவர். தொழிலில் வக்கீல். மறுநாள் வெள்ளைக்கொடியோடு ஓர் அதிகாரி வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி ஆட்களைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். நீங்கள்தான் தனி நாடு என்று சொல்லிவிட்டீர்களே, அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று பட்லர் கேட்டார். எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்தைப் பறிமுதல் செய்வது போர் விதி. இவர்களைச் சொத்து என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், பறிமுதல் செய்துவிட்டேன் என்று முடித்தார். இதில் அந்த மூவரும் இன்னும் "சொத்து"தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் செய்தி இரவோடு இரவாகப் பரவியது. சில நாளில் கைக்குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஜூலை முடிவில் அந்தக் கோட்டையில் மட்டும் சுமார் 900 பேர். அந்தக் கோட்டை நிற்கும் கடல்முனைக்கு இன்னொரு கதையும் உண்டு. வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களை ஏற்றி வந்த கப்பல் 1619 ஆகஸ்டில் நின்றது அதே இடத்தில்தான்.

இந்தப் படகுக் காட்சியை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பட்லர் செய்ததை ஏற்றுத்தான் ஆகஸ்டில் நாடாளுமன்றம் முதல் பறிமுதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஜூலையில் இரண்டாவது பறிமுதல் சட்டம், எதிரியின் பக்கம் நிற்பவர்களிடமிருந்து தப்பி வந்தால் விடுதலை என்றது. அடிமைகள் கால்நடையாக வந்துகொண்டே இருந்தார்கள்; அவர்களை என்ன செய்வது என்று ஒவ்வொரு தளபதியும் தலைநகரத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். போர் முடிவதற்குள் ஒன்றியப் படை இருந்த இடங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அடிமைமுறையைத் தொடாமல் போர் நடத்தலாம் என்ற எண்ணத்தை உடைத்தவர்கள் முதலில் இவர்கள். லிங்கன் பிறகு.

இந்த இடத்தில் நீங்கள் காட்டிய கடிதத்துக்கு வருகிறேன். அது உண்மையான கடிதம்தான். 1862 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க் டிரிப்யூன் ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு லிங்கன் எழுதியது. ஓர் அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படிச் செய்வேன். எல்லோரையும் விடுவித்தால்தான் முடியும் என்றால் அப்படிச் செய்வேன். சிலரை விடுவித்துச் சிலரை விட்டால் முடியும் என்றால் அதையும் செய்வேன் என்று போகிறது. உங்களுக்கு வந்த மேற்கோளில் முதல் பகுதி மட்டும் இருக்கிறது. கடைசி வாக்கியத்தில், இது என் பதவிக் கடமை பற்றிய கருத்து. எல்லா மனிதரும் எங்கும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற என் சொந்த விருப்பத்தில் மாற்றமில்லை என்றும் சொல்கிறார். அதைவிட முக்கியமானது தேதி. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 22 அன்றே, அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அவர் அமைச்சர்களிடம் படித்துக் காட்டிவிட்டார். தோற்றுக்கொண்டிருக்கும்போது வெளியிட்டால் சாகப்போகிறவனின் கடைசிக் கூக்குரல்போலத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்று அமைச்சர் சீவர்டு சொன்னதால் மேசைக்குள் வைத்திருந்தார். கிரீலிக்கு எழுதியபோது அந்தக் காகிதம் தயாராக இருந்தது. ஆகவே அந்தக் கடிதத்தை முடிவெடுக்காதவரின் மனமாகப் படிக்கக் கூடாது. எடுத்துவிட்ட முடிவுக்கு வடக்கின் வெள்ளையர்களைத் தயார் செய்யும் எழுத்தாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலான ஆய்வாளர்களும் ஏறக்குறைய அப்படித்தான் படிக்கிறார்கள்.

செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போர். ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்ந்து 22,000 பேருக்கு மேல் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். அதை வெற்றி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தென்படை பின்வாங்கியது. ஐந்தாம் நாள் பிரகடனத்தின் முன்னறிவிப்பு வெளிவந்தது. 1863 ஜனவரி 1 அன்று பிரகடனம் அமலுக்கு வந்தது. அந்தப் பிரகடனத்தின் குறையையும் சொல்ல வேண்டும். பிரியாமல் நின்ற நான்கு அடிமை மாநிலங்களுக்கும், ஏற்கெனவே கைப்பற்றிய சில பகுதிகளுக்கும் அது பொருந்தாது. பிரிந்துபோன மாநிலங்களின் மற்ற இடங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். "கை எட்டாத இடத்தில் விடுதலை, கை எட்டும் இடத்தில் மௌனம்" என்று அன்றே விமர்சித்தார்கள். ஆனால் லிங்கனுக்கு இருந்த அதிகாரம் போர்க்காலத் தலைமைத் தளபதியின் அதிகாரம். எதிரியின் பலத்தைக் குறைக்க மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும். அன்று முதல் ஒன்றியப் படை தெற்கே ஒரு மைல் முன்னேறினால் அந்த ஒரு மைலில் அடிமைமுறை முடிந்தது.

பிரகடனத்தில் இன்னொரு வரி இருந்தது, பாடநூல்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. விடுதலையானவர்களைப் படையில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அது. சுமார் 1,80,000 கறுப்பர்கள் ஒன்றியத் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் 3 டாலர் துணிக்கென்று பிடித்தம். 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவு, சமமாகக் கொடுக்காவிட்டால் வேண்டாம் என்று மாதக்கணக்கில் சம்பளமே வாங்காமல் போரிட்டது. 1864 ஜூனில்தான் சட்டம் மாறியது. பிடிபட்டால் மற்றவர்களைப்போலப் போர்க்கைதியாக நடத்தப்படுவோம் என்ற உறுதியும் இவர்களுக்கு இல்லை. 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில் சரணடைந்த கறுப்புச் சிப்பாய்கள் பலர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு கோடையில் வடக்கு போரில் களைத்துப்போய், விடுதலையை விட்டுக்கொடுத்துச் சமாதானம் பேசு என்று லிங்கனை நெருக்கியது. அவர் அசையவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்: நமக்காக உயிரைக் கொடுக்க வருகிறவர்களுக்கு விடுதலை என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். ஒன்றியம், விடுதலை இரண்டும் பிரிக்க முடியாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டது இந்த இடத்தில்தான்.

தெற்கு எதற்காகப் போராடியது என்பதற்கு எனக்குப் பட்ட கடைசிச் சாட்சியும் இதே காலத்தில் கிடைக்கிறது. ஆள் தீர்ந்துபோய், அடிமைகளையே சிப்பாய்களாக்கலாமா என்று தென் கூட்டமைப்பு யோசித்தது. 1865 ஜனவரியில் ஹொவெல் காப் என்ற ஜார்ஜியத் தலைவர் அதை எதிர்த்து எழுதினார்: அடிமைகள் நல்ல சிப்பாய்கள் ஆவார்கள் என்றால் அடிமைமுறை பற்றிய நம் கொள்கை முழுவதுமே தவறு. தோல்வி வாசலில் நிற்கும்போதும் அவருக்கு அதுதான் கவலை.

இனி, உறுதியில்லாதவை. இறந்தவர் எண்ணிக்கை 6,20,000 என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்டு அண்மைக்காலத்தில் செய்த மதிப்பீடுகள் 7 லட்சம், 7.5 லட்சம் என்று போகின்றன. தென் படைகளின் பதிவேடுகள் அழிந்துபோனதால் இதை முடிவாகச் சொல்ல வழியில்லை. குண்டுபட்டு இறந்தவர்களைவிடப் பேதி, டைஃபாய்டு, நிமோனியாவில் இறந்தவர்கள் அதிகம் என்பது மட்டும் உறுதி. போர் இல்லாமலே அடிமைமுறை தானாக ஒழிந்திருக்குமா என்பதையும் நிரூபிக்க முடியாது. 1860இல் அடிமைகளின் விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது, அந்த முதலாளிகள் தங்கள் முறை சாகப்போகிறது என்று நினைக்கவில்லை என்பது வரைக்கும் சொல்லலாம். லிங்கனின் மனம் எப்போது திரும்பியது என்பதிலும் வாதம் ஓயவில்லை. 1862 ஆகஸ்டில், கிரீலி கடிதத்துக்கு ஒரு வாரம் முன்பு, கறுப்பின பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நீங்கள் மத்திய அமெரிக்காவில் போய்க் குடியேறுவது நல்லது என்று சொன்னவர் அவர். 1865 ஏப்ரல் 11 அன்று, கறுப்பர்களில் படித்தவர்களுக்கும் படையில் இருந்தவர்களுக்கும் வாக்குரிமை தர வேண்டும் என்று பேசியவரும் அவரே. அந்தப் பேச்சைக் கூட்டத்தில் நின்று கேட்ட ஜான் வில்க்ஸ் பூத் மூன்றாம் நாள் அவரைச் சுட்டான். இந்த இரண்டு லிங்கன்களில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவரை மறைப்பது நேர்மையாகாது.

நம் பக்கத்து விவரம் ஒன்று, கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வடக்கின் கப்பல்கள் தென் துறைமுகங்களை அடைத்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது நின்றது. இந்தியப் பஞ்சுக்கு விலை எகிறியது. பம்பாயில் அந்தப் பணத்தில் பங்குச் சூதாட்டமே நடந்து, 1865இல் போர் முடிந்ததும் எல்லாம் சரிந்தது. திருநெல்வேலிச் சீமையிலும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் பருத்தி விலை ஏறி இறங்கியது இதே அலையில்தான். இன்னொரு பக்கம், வேலையிழந்து பட்டினி கிடந்த மான்செஸ்டர் தொழிலாளர்கள் 1862 டிசம்பர் 31 அன்று கூட்டம் போட்டு, எங்களுக்குப் பஞ்சு வராவிட்டாலும் பரவாயில்லை, அடிமைமுறையை ஒழியுங்கள் என்ற பொருளில் லிங்கனுக்கு எழுதினார்கள். அவர் ஜனவரியில் பதில் எழுதினார். பிரிட்டன் தெற்கை அங்கீகரிக்காமல் போனதற்கு இதுபோன்ற எதிர்ப்பு எவ்வளவு காரணம், அரசியல் கணக்கு எவ்வளவு காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் கூட்டம் நடந்தது உண்மை.

அப்படியானால் "மாநில உரிமை" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் போருக்குப் பிறகு. மூலைக்கல் பற்றிப் பேசினாரே ஸ்டீபன்ஸ், அவரே தோல்விக்குப் பின் எழுதியபோது, போர் நடந்தது மத்திய அதிகாரமா மாநில அதிகாரமா என்ற சாசனக் கேள்விக்காக என்றார். ஜெஃபர்சன் டேவிஸும் அப்படியே எழுதினார். 1865 டிசம்பரில் 13ஆம் திருத்தம் அமலாகி அடிமைமுறை சட்டப்படி ஒழிந்துவிட்டது. அதற்காகத்தான் செத்தோம் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. பிள்ளையை இழந்த தாய்மார்களுக்கும் கௌரவமான ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தத் துக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கதையின் நிழலில்தான் 1877க்குப் பிறகு தெற்கில் கறுப்பர்களின் வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. ஊர்ச் சதுக்கங்களில் தென் தளபதிகளின் சிலைகள் எழுந்தன. பாடநூல்களில் அடிமைமுறை ஒரு பத்தியாகச் சுருங்கியது. நம் ஊர்த் தேர்வுக் குறிப்புகளில் "காரணங்கள்: 1. மாநில உரிமை" என்று முதலில் நிற்பதும் அந்த வழியில் வந்து சேர்ந்ததுதான். நானும் முதல் சில ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொடுத்தேன், மூல அறிக்கைகளைப் படிக்கும் வரை. அந்த ஆண்டுகளில் என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அந்தக் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நேரம் குறைவென்றால் இரண்டை மட்டும் படியுங்கள், இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்று மிசிசிப்பியின் பிரிவினை அறிக்கை, முதல் இரண்டு பத்திகள் போதும். மற்றது 1865 மார்ச் 4 அன்று லிங்கன் ஆற்றிய இரண்டாவது பதவியேற்பு உரை. அச்சில் இரண்டு பக்கம்கூட வராது. அதில், இந்த அடிமைகள் ஒரு தனித்த, வலுவான நலனாக இருந்தார்கள், எப்படியோ இதுவே போருக்குக் காரணம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று ஒரு வரி வரும். அந்த "எப்படியோ" என்ற சொல்லில் நின்று படியுங்கள். நான்கு ஆண்டு போர் நடத்தியவர் அந்தச் சொல்லை ஏன் போட்டார் என்று உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, இங்கே எழுதுங்கள். தொடர்ந்து பேசலாம்.